கொடுத்த மனையும் கொடாத பொறுப்பும்: கோவலன் வீழ்ச்சி பற்றிய ஒரு நோக்கு

சிலப்பதிகாரம் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் அதன் பதிகம் சுட்டும் மூன்று பொருள்களையே சுற்றி எழுந்துள்ளன. அரசநீதி, பத்தினியின் பெருமை, ஊழின் வலிமை என்பனவே அவை. கோவலனின் வீழ்ச்சிக்குக் காரணம் கூறப் புகுந்தோர் ஊழைக் காட்டினர். அன்றேல் மாதவியைக் காட்டினர். இவ்விரு விளக்கங்களுக்கும் இடையே காவியத்தில் அமைந்துள்ள மற்றொரு செய்தி போதிய கவனம் பெறவில்லை. கோவலனின் பெற்றோர் அவனுக்குக் கொடுத்தவை எவை, கொடாது விட்டது யாது என்பதே அது. இக்கட்டுரையில் அதனை ஆராய முனைகின்றோம்.

புகார் நகரப் பெருவணிகன் மாசாத்துவானின் மகன் கோவலன். மணநாளில் அவனுக்கு வயது 16, கண்ணகிக்கு 12. மணம் முடிந்த சில காலத்துள் கோவலனின் தாய் இருவரையும் தனிமனையில் இருத்துகின்றாள். பல்வகைச் செல்வமும் பணி செய்வோரும் அம்மனைக்கு உடன் வருகின்றன. இல்லறத்தைத் தாமே நடத்தி மக்கள் சிறப்பதைக் காணும் ஆவலே இதன் நோக்கம். வெளித்தோற்றத்தில் இது மகனுக்கு வழங்கப்பட்ட சுதந்திரமேயாகும். ஆயின், அம்மனையில் உள்ள யாதொன்றும் கோவலன் ஈட்டியதன்று. வணிகக் குடியிற் பிறந்த அவன் வணிகம் செய்யும் காட்சி ஒன்றேனும் புகார்க் காண்டத்தில் இல்லை. மனை தனித்ததே தவிர மகன் தனித்து நிற்கக் கற்றிலன்.

அவன் ஈடுபடும் முதற் கொடுக்கல் வாங்கல் மனங்கொளத்தக்கது. அரங்கேற்றத்தின்போது மாதவி அரசனிடம் பெற்ற, 1008 கழஞ்சு பொன் பெறுமதியான மாலையைக் கூனி ஒருத்தி செல்வ இளைஞர் திரியும் மறுகில் விலைகூறி நிற்கின்றாள். கோவலன் அதனை வாங்குகின்றான். விலையாகச் சென்றது முன்னோர் தேடிய பொருள். இதன் பின்னர் அவனது செல்வம் கரைவதைப் புகார் நகரமே அறிந்திருத்தல் வேண்டும். எனினும், பெற்றோர் மகனை நோக்கி உரைத்த கண்டனச் சொல் ஒன்றையேனும் கவிஞர் எமக்குக் கேட்பிக்கவில்லை. அவர்கள் மருமகளிடம் வந்து அவளது பண்பைப் பாராட்டித் தேற்றியதைப் பின்னர் கண்ணகியின் வாய்மொழியாக அறிகின்றோம். மகனின் பிழையால் நேர்ந்த துயருக்கு மருமகளிடம் பரிவு காட்டினர். பிழை செய்தவனிடம் அதுபற்றிப் பேசியதாகக் காவியம் காட்டவில்லை.

கோவலன் இயல்பிலேயே தாழ்ந்தவன் என்பது எமது கருத்தன்று. மதயானையிடமிருந்து முதிய அந்தணரைக் காத்ததும், கணவனாற் கைவிடப்பட்ட பார்ப்பனிக்குப் பொருள் வழங்கி வாழ்வளித்ததும் மாடலனின் கூற்றால் தெரியவருகின்றன. துணிவும் ஈகையும் அவனிடம் இருந்தன. கொடுக்கும் பண்பை அவன் பிறந்த மனையிலேயே கற்றிருந்தான். ஈட்டும் வழியை அங்கு எவரும் அவனுக்குக் கற்பித்தாரில்லை.

பொருள் முற்றும் இழந்தபின் அவன் நாணுகின்றான். அந்நாணமே அவன் தனித்து எடுக்கும் முதல் முடிவுக்கு வித்தாகின்றது. பெற்றோருக்கும் அறிவியாது விடியுமுன் புகாரை நீங்கி, மதுரையில் வணிகம் செய்து இழந்ததை மீட்கக் கருதுகின்றான். ஆயின் அம்முயற்சிக்கும் முதல் மனைவியின் சிலம்பே. வழியிற் கோசிகன் கொணர்ந்த மாதவியின் ஓலை, தன் பெற்றோருக்கும் பொருந்துவதாய் இருத்தலைக் கண்டு அதனையே அவர்களுக்கு அனுப்புகின்றான். மன்னிப்பு வேண்டும் சொல்லும் அவனுக்கு இரவலாகவே வாய்க்கின்றது.

மதுரையின் பொற்கடை வீதியையும் மணிக்கடை வீதியையும் முதல்நாள் சுற்றிப் பார்த்தவன் கோவலன். எனினும், மறுநாள் வழியில் எதிர்ப்பட்ட பொற்கொல்லனிடமே சிலம்பை விலைமதிக்கக் கேட்கின்றான். அவன் சொற்படி காத்தும் இருக்கின்றான். கடைத்தெருவைக் கண்டிருந்தானேயன்றி அதன் இயல்பை அவன் அறிந்தானல்லன். மாலையை வாங்கியதில் தொடங்கிய அவனது வாணிகம் சிலம்பை விற்கப் புகுந்ததில் முடிகின்றது. இரண்டும் பிறர் அணிகள்; இரண்டிலும் அவன் உழைப்பு இல்லை.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். ஊழே காரணம் எனக் காவியமே கூறும்போது பெற்றோர்மீது குறை காண்பது பொருந்துமா? ஊழ் என்பது காவியத்தின் உலகநோக்கு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின் ஊழ் செயற்படுவதற்கு வாயிலாக அமையும் மனித நடத்தைகளைக் கவிஞர் வரிசையாகக் காட்டிச் செல்கின்றார். அவற்றுள் பெற்றோரின் பெருங்கொடையும் ஒன்று. ஆயர் சேரியில் மாதரி அளித்த மனையில், கை சிவக்கக் காய் அரிந்து கண்ணகி தானே சோறு சமைக்கின்றாள். பணியாட்கள் அற்ற அந்தச் சிறுமனையில்தான் கோவலன் தன் பிழைகளை எண்ணி, முதுகுரவர்க்குச் செய்யத் தவறியதையும் சொல்லி வருந்துகின்றான். புகாரின் செல்வமனையில் வாராத தெளிவு இங்கு வருகின்றது. ஆனால் அதற்கு ஒரு நாளே எஞ்சியிருந்தது.

பெற்றோரின் முடிவும் இவ்விடத்துச் சிந்திக்கத்தக்கது. செய்தி அறிந்த மாசாத்துவான் எஞ்சிய பொருளைத் தானமாக்கித் துறவு பூணுகின்றான். தாய் உயிர் விடுகின்றாள். அவர்களது அன்பின் ஆழத்தில் எவருக்கும் ஐயம் எழாது. அவ்வன்பு மகனைத் தாங்கி நிற்கப் போதவில்லை என்பதே அவலம்.

இவ்வாய்வு பழங்கதையோடு நின்றுவிடுவதன்று. 1707 இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமை, மணமாகாத ஆண்மக்களின் உழைப்பூதியம் பெற்றோரின் பொதுச்சொத்திற் சேரவேண்டுமென விதித்தது. அது மகனைத் தன் வருவாய்க்கு உரியவனாக்காத அமைப்பேயாயினும், குடும்பத்தின் உழைப்பிற் பங்காளியாக்கியது. 1983 இன் பின்னர் பெருகிய புலப்பெயர்வால், கடல்கடந்த உறவினரின் வியர்வையில் வீடும் வாகனமும் பெற்று வளரும் இளைஞரும் எம்மிடையே உளர். தாம் பட்ட துன்பம் பிள்ளைகள் படலாகாது என்னும் பெற்றோரின் எண்ணத்தை நாம் இகழ்தல் இயலாது. ஆயின், துன்பத்தை விலக்கும்போது பொறுப்பையும் உடன் விலக்கிவிடுகின்றோமா என்னும் வினாவைச் சிலப்பதிகாரம் எம்முன் வைக்கின்றது. மாசாத்துவான் மனையார் மகனுக்கு மனை கொடுத்தனர், பொருள் கொடுத்தனர், ஏவலரைக் கொடுத்தனர். கணக்குக் கேட்கும் ஒரு சொல்லையும் அவற்றோடு கொடுத்திருப்பின், அதுவே அவர்கள் வழங்கிய பெருஞ்செல்வமாக இருந்திருக்கும்.