டொக்கு எங்கிருந்து வருது?

இன்ஜின் இறக்கி வேலை பார்த்த புல்லட்டில் பழைய சத்தம் அப்படியே இருந்தால் வண்டிக்காரரின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. பிளாக்கு போர் போட்டாயிற்று, ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டியாயிற்று, கனெக்டிங் ராடு செட்டும் புதுசு. கிக்கரை உதைத்தால் அதே டொக்கு. சாதாரண மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுப்பார். கை தேர்ந்தவர் பழந்துணியில் கையைத் துடைத்து, டீ சொல்லிவிட்டு, வண்டியை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பார். அவர் அப்படி நிற்பதை ரசிக்கவே நான் மதுரைப் பட்டறைகளுக்குப் போவதுண்டு. 1911இல் டி.வி.எஸ். தொடங்கிய ஊர், பட்டறைகளுக்கு இங்கே பஞ்சமில்லை.

புல்லட்டும் நம்மூர்ச் சரக்குதான். அதைச் செய்த திருவொற்றியூர் ஆலை 1956இல் திறந்து, அந்த ஆண்டில் 163 வண்டிகள் செய்தது. அந்த வம்சத்து இரும்புப் பிளாக்கு இன்ஜின் 346 சிசி. போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. வலப்பக்கம் டைமிங் கியர்கள், இடப்பக்கம் பிரைமரி செயின், மேலே ஹெட்டுவரை இரண்டு புஷ் ராடுகள், ராடின் அடியில் ஆயில் படலத்தை நம்பிச் சுழலும் மிதவை புஷ். நல்ல நிலையில் இருக்கும்போதே இத்தனையும் பேசும். எந்தப் பேச்சு வழக்கமானது, எது வம்பு என்று பிரிப்பதில்தான் வித்தை இருக்கிறது.

பிரிப்பதற்குத் தாளம் இன்ஜினிலேயே இருக்கிறது. சைலன்சரில் ஒரு ‘தட்’ விழுவதற்குள் கிராங்க் இரண்டு சுற்று சுற்றிவிடும், கேம் ஒரே சுற்று. ஆகவே ஒரு வால்வின் டாப்பெட் சத்தம் ‘தட்’டுக்கு ஒருமுறைதான் வரும். ‘தட்’டுக்கு இரண்டு கேட்டால் கிராங்கோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். கச்சேரியில் முன்வரிசை ரசிகர் தொடையில் தாளம் போடுவதுபோல, நல்ல மெக்கானிக்கின் விரல் சீட்டில் தட்டிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது சூடு. அலுமினிய பிஸ்டன் இரும்புப் பிளாக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். காலையில் படபடக்கும் பிஸ்டன் சூடேறியதும் அடங்கினால் போரில் இடைவெளி கொஞ்சம் கூடுதல் என்று அர்த்தம், பயமில்லை. கிளட்ச்சைப் பிடித்ததும் சத்தம் நின்றால் இன்ஜினை விட்டுவிடலாம், குற்றவாளி கிளட்ச்சிலோ கியர்பாக்ஸிலோ இருக்கிறான். பாரம் ஏற்றியும் பார்க்க வேண்டும். மதுரையைச் சுற்றித் தரை சமம், அழகர்மலைப் பக்கம் போனால்தான் ஏற்றம். அதனால் ஒத்தக்கடைச் சாலையில், பட்டறையிலேயே உடம்பான பையனைப் பின்னால் ஏற்றி, டாப் கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலேட்டரைத் திருகுவார்கள். ராடின் அடி புஷ் போயிருந்தால் அப்போது ஆழத்திலிருந்து இடிக்கும்.

தெப்பக்குளம் பக்கத்துப் பட்டறை ஒன்றில், ராடு செட்டு மாற்றிய வண்டியில் கேட்ட டொக்கு இந்த இலக்கணத்துக்கு அடங்காமல் நின்றது. ராடு இடிப்பதுபோலவே கனத்த சத்தம். ஆனால் ஐடிலில் இடித்தது, கொஞ்சம் வேகம் கூட்டினால் மறைந்தது, பாரத்தில் கூடவில்லை.

“ராடு செட்டு டூப்ளிகேட்டாண்ணே?” என்றான் பையன்.

“பேசாம இருடா. வண்டிய ஆஃப் பண்ணாத, ஓடட்டும்.”

மெக்கானிக் நீளமான திருப்புளியின் கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்தி, முனையை ஒவ்வோர் இடமாக வைத்துக் கேட்டார். டைமிங் பக்கம் சுத்தம். பிளாக்கு சுத்தம். செயின் கவரில் வைத்ததும் முகம் மாறியது. பாத்திரத்தை அடியில் வைத்து ஆயிலை இறக்கி, கவரைக் கழற்றி, கிராங்க் நுனியில் இருந்த ஆல்டர்னேட்டர் ரோட்டரைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருகினார். துளி ஆட்டம். நட்டு தளர்ந்து, ரோட்டரைத் தண்டோடு பூட்டும் சாவி தேய்ந்து, காந்தத்தின் அத்தனை எடையும் ‘தட்’டுக்குத் ‘தட்’ தண்டில் இடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ராடு செட்டே மாற்றியிருக்க வேண்டாமோ என்னவோ. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ராடின் குரலில் ரோட்டர் பேசுவது அனுபவசாலிகளையே ஏமாற்றும். திருட்டுக் குரலைப் பிடித்துவிட்ட அந்த நிமிடத்தில் அவர் முகத்தில் வந்த சிரிப்புக்காகவே எத்தனை டீயும் குடிக்கலாம்.

புதுச் சாவி போட்டு நட்டை இறுக்கியதும் டொக்கு போயிற்று. மெல்லிய டிக்டிக் மட்டும் பாக்கி. அதையும் நிறுத்தித் தரச் சொன்னார் வண்டிக்காரர். பிற்காலத்தில் வந்த ஹைட்ராலிக் டாப்பெட் இன்ஜின்களின் அமைதி அவர் காதைக் கெடுத்திருக்க வேண்டும். மெக்கானிக் ஆறவிட்டு, டாப்பெட் மூடியைக் கழற்றி, புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டிக் காட்டினார். இலேசாகச் சுழன்றது, மேலும் கீழும் ஆடவில்லை. இதுதான் அளவு. இதற்கு மேல் இறுக்கினால் வால்வு முழுசாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு எரிந்து போகும். முற்றிலும் ஊமையான இரும்புப் பிளாக்கைக் கண்டால் எனக்கும் சந்தேகம்தான்.

“இது இருக்கட்டும் சார். 500 கிலோமீட்டர்ல ஆயில் மாத்த வாங்க, அப்ப மறுபடி கேட்டுப் பாப்போம்.”