வீரமாமுனிவரும் திவான் பதவியும்

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தில் மொழியாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் பெரும்பாலும் அரசவையை அண்டியே வாழ்ந்தனர். இத்தாலியத் தந்தைக்கு இலண்டனில் பிறந்த யான் புளோரியோ இதற்குத் தக்க சான்றாவர். 1578-இல் உரையாடல் வடிவில் இத்தாலிய மொழிப் பாடநூல் ஒன்றும், 1598-இல் இத்தாலிய-ஆங்கில அகராதியும் வெளியிட்ட அவர், 1603-இல் மாண்டேனின் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பின்னர் முதலாம் சேம்சு மன்னரின் தேவி ஆனுக்கு மொழியாசிரியராக அமர்ந்தார். 1611-இல் விரிவுற்று வெளிவந்த அகராதி அவ்வரசியின் பெயரையே தாங்கிற்று. 1619-இல் அரசி மறைய, ஆசிரியர் வறுமையுற்று 1625-இல் இறந்தார்.

தமிழுக்கு அகராதியும் இலக்கணமும் தந்த மற்றோர் இத்தாலியராகிய வீரமாமுனிவர்க்கும் (1680-1747) அரசவை வாழ்வொன்று கூறப்படுகின்றது. சந்தா சாகிபைக் காணும்பொருட்டு மூன்று திங்களில் பாரசீகமும் இந்துத்தானியும் கற்றார் என்றும், அவர் புலமையை வியந்த நவாபு அவரைத் திவானாக்கிப் பன்னீராயிரம் ரூபாய் வருவாயுள்ள ஊர்களை அளித்தார் என்றும் வரலாறு வழங்குகின்றது. (அண்மைக்காலப் பள்ளிப் பாடநூலில் மூன்று திங்கள் இரண்டாகவும், பாரசீகமும் இந்துத்தானியும் உருது ஒன்றாகவும் சுருங்கியுள்ளன. கதை வளர்வதேயன்றித் தேய்தலும் உண்டு போலும்!)

இவ்வரலாற்றின் ஊற்று, சென்னைக் கல்விச் சங்கத்தைச் சார்ந்த முத்துசாமிப் பிள்ளை 1822-இல் எழுதிய முனிவர் சரித்திரமாகும். எல்லிசு துரையின் ஏவலால் தென்னாடெங்கும் சென்று முனிவரின் சுவடிகளைத் தேடித் தொகுத்த அவர்க்குத் தமிழுலகம் கடப்பாடுடையது. எனினும், முனிவர் மறைந்து எழுபத்தைந்து ஆண்டுகட்குப்பின், செவிவழிச் செய்திகளையும் ஏற்று எழுந்த நூல் அது என்பதை மறத்தலாகாது. அம்மரபு முனிவர் 1742-இல் மணப்பாட்டில் இறந்தார் எனக் கூற, சேசு சபை ஆவணங்களோ 1747-இல் அம்பலக்காட்டில் இறந்தார் எனக் காட்டுகின்றன. இறந்த ஆண்டிலும் ஊரிலும் வழுவும் ஒரு மரபைப் பதவிச் செய்தியில் மட்டும் ஐயமின்றிக் கொள்ளுதல் எங்ஙனம்? முனிவர் நவாபைக் கண்டிருத்தல் கூடும். அவரால் மதிக்கப்பட்டிருத்தலும் கூடும். காண்டல் வேறு, ஆட்சிப் பொறுப்பேற்றல் வேறு.

முத்துசாமிப் பிள்ளை வாழ்ந்த சூழலையும் ஈண்டு எண்ணுதல் வேண்டும். கும்பினி அலுவலர்க்கு நாட்டு மொழிகளைக் கற்பிக்க 1812-இல் நிறுவப்பட்டது அச்சங்கம். அங்கு மொழிப்புலமை அரசுப் பணியோடு பிணைந்தே நின்றது. பல்லக்கும் மானியமும் இல்லாத பெரும்புலமையை அத்தலைமுறை கருதிப் பார்த்தல் அரிதாயிருக்கலாம் என்பது எம் கருத்து.

இக்கதையால் நேர்ந்த இழப்பு யாதெனின், முனிவர் ஓர் ஆசிரியர் என்பது பின்தள்ளப்பட்டதேயாம். அவர்தம் உரைநடை நூல்கள் பலவும் கற்பார் கையை நோக்கியே எழுந்தன. நிகண்டுகளைப் பாட்டாக மனப்பாடம் செய்தாலன்றிப் பொருள் காண இயலாதிருந்த நிலையில், 1732-இல் சதுரகராதி சொற்களை அகரநிரலில் வைத்துப் பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகைப்படுத்திற்று. பேச்சு வழக்கிற்குக் கொடுந்தமிழ் இலக்கணமும், நூல் வழக்கிற்குச் செந்தமிழ் இலக்கணமும் இலத்தீனில் வகுத்தார். மொழியின் இரு நிலைகளையும் தனித்தனியே கற்பிக்கவேண்டும் என உணர்ந்தது, வேற்று மொழியிலிருந்து வந்து தாமே இடர்ப்பட்டுக் கற்றவரின் நுண்ணறிவாகும். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்தில் காட்டியதும் படிப்பவன் தடுமாறாமைப் பொருட்டேயன்றோ? பரமார்த்த குரு கதையைத் தமிழிலும் இலத்தீனிலும் ஒருங்கே அமைத்தமை, புளோரியோவின் உரையாடற் பாடநூலை நினைவூட்டுகின்றது. திருக்குறளின் அறமும் பொருளும் இலத்தீனில் பெயர்த்தபோதும் அவர் முன்னிருந்தோர் மன்னர் அல்லர். தமிழறியா மேலைநாட்டுக் கற்போரே.

முனிவர்க்குத் தமிழ் கற்பித்தவர் சுப்பிரதீபக் கவிராயர் என்பது மரபு. ஆசிரியர்க்கு ஆசிரியராகிய அவரைப் பற்றிப் பதவிக் கதை எதனையும் எவரும் புனைந்திலர்.

சந்தா சாகிபு திருச்சிராப்பள்ளியைக் கைக்கொண்டது 1736-இல். மராத்தியரிடம் இழந்தது 1741-இல். திவான் கதைக்கு இடமுள்ள இவ்வைந்தாண்டின் நடுவே, 1738-இல், கொடுந்தமிழ் இலக்கணம் அச்சேறிற்று. அதனை அச்சிட்டது நவாபின் அரண்மனையன்று. முனிவர் நூல்கள் எழுதிக் கடுமையாக மறுத்துவந்த தரங்கம்பாடி லூத்தரன் சபையாரின் அச்சகம்.