கோரைப்பல் யாருடையது?

மலேசியாவின் பேராக் மாநில ரப்பர்த் தோட்டங்களை வைத்து ஒரு ரத்தக்காட்டேரிக் காதல் நாவலை யாராவது எழுதினால் அதில் காட்டேரி யாராக இருப்பார்? தோட்டத்து வெள்ளைக்காரத் துரை என்றுதான் சட்டென்று வாயில் வரும். வெள்ளை உடுப்பு, குன்றின்மேல் பங்களா, இரவில் விஸ்கி, தொழிலாளர் லயத்தில் ஓர் அழகி. இந்த வகை எழுத்தின் கவர்ச்சியும் கோளாறும் அந்த விடையிலேயே இருக்கின்றன.

பழைய காலத்தில் நடக்கும் காட்டேரிக் கதைகளுக்குப் பெரிய வாசகர் கூட்டத்தைச் சேர்த்துக் கொடுத்தது ஆன் ரைஸ் 1976இல் வெளியிட்ட 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்'. நாயகன் லூயி, 1791இல் லூசியானாவில் அவுரித் தோட்டம் வைத்திருந்தவன்; அடிமைகளின் முதலாளி. காட்டேரியாகிச் சாவில்லாதவன் ஆவதால் ஒரே மனம் இரண்டு நூற்றாண்டுகளைச் சுமக்கிறது. ஊர் மாறுகிறது, விளக்கு மாறுகிறது, துக்கம் அப்படியே இருக்கிறது. சாதாரணச் சரித்திர நாவலுக்கு எளிதில் கைகூடாத காரியம் இது. ரைஸ் அதை நன்றாகவே செய்தார். ஆனால் லூயியின் குற்ற உணர்வுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்த நாவல், அவனுக்கு உழைத்து, காட்டேரிகளுக்கு இரையாகவும் ஆன அடிமைகளில் பெரும்பாலோருக்குப் பெயர்கூடக் கொடுக்கவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த வாசகர் லூயிக்காக அழ மறுத்தால் குறை வாசகரிடம் இல்லை. 2022இல் வந்த தொலைக்காட்சித் தொடர் லூயியைக் கறுப்பினத்தவனாக மாற்றி, கதையை 1910க்கு நகர்த்தியது. கோளாறு எங்கே என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது போலும்.

நம் நாட்டுக் காட்டேரி வேறு ரகம். மலாய்ப் பேயான பொந்தியானாக் பிள்ளைப்பேற்றில் செத்த பெண். தமிழ்க் கதைகளின் பழையனூர் நீலியைப் போல, அநியாயச் சாவுக்குக் கணக்குக் கேட்க வருகிறவள். 1957இல் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் கேத்தே-கிரிஸ் நிறுவனத்துக்காக இயக்கிய 'பொந்தியானாக்' படத்தில், மரியா மெனாடோ ஏற்ற பாத்திரம் மருந்தால் அழகு பெற்றவள். ரத்தம் வாயில் படக்கூடாது என்பது நிபந்தனை. பாம்பு தீண்டிய கணவனைக் காப்பாற்ற விஷத்தை வாயால் உறிஞ்சுகிறாள், பேயாகிறாள். ஐரோப்பியப் பிரபுக்களின் கதைகளில் இவ்வளவு கச்சிதமான முடிச்சை நான் கண்டதில்லை. இதே மரபில்தான், பிடரியில் ஆணி அடித்தால் பேய் அடங்கி நல்ல மனைவியாகிவிடும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. ஆணி அடித்தவனையே காதலன் என்று கொண்டாடும் கதை எனக்கு ஒப்பாது.

பேராக்கையே களமாகக் கொண்டது யாங்சி சூவின் 'தி நைட் டைகர்' (2019). காட்டேரிக்குப் பதில் புலியாக மாறும் மனிதன், காலம் 1931, ஈப்போ, பத்து காஜா. நடன விடுதிப் பெண்ணையும் வீட்டு வேலைக்காரச் சிறுவனையும் கதையின் நடுவில் நிறுத்தியது பெரிய விஷயம். நம் தமிழர் என்று தேடினால், வெள்ளைக்கார மருத்துவரின் ரகசியக் காதலி அம்பிகா அகப்படுகிறாள், பால்மரம் வெட்டுகிறவள். அகப்பட்ட வேகத்தில் பிணமாகிறாள். அவள் ஆசைப்பட்டாளா, பயந்தாளா, லயத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கெல்லாம் நாவலில் போதிய இடமில்லை.

அதற்காகத் துரையைக் காட்டேரியாக்கி, லயத்துப் பெண்ணை விட்டு அவனைக் கொல்லச் செய்தால் கணக்கு நேராகிவிடுமா? அதிலும் எனக்குச் சந்தேகம்தான். மூலதனத்தை ரத்தம் குடிக்கும் பேயோடு மார்க்ஸ் 1867லேயே ஒப்பிட்டுவிட்டார்; உவமை பழசு என்பது சின்னக் குறை. பெரிய குறை, அது குற்றம் முழுவதையும் ஒருவனுடைய பல்லில் ஏற்றிவிடுகிறது. தோட்டத்தில் ரத்தம் போன வழிகள் வேறு: விடியுமுன் பேர் கூப்பிடும் பிரட்டு, ஆள் சேர்க்கும் கங்காணியின் தலைக்காசு, கணக்கெழுதும் கிராணி போடும் அரைநாள் பேர், கள்ளுக்கடை. துரைகள் வந்தார்கள், போனார்கள். இவை அவர்களோடு போய்விடவில்லை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில், எல்பில் தோட்டம் உட்பட இரண்டு இடங்களில், மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பேய்க்கதையானால் அத்தோடு பொழுது விடிந்திருக்கும். நடந்ததோ அவசரகாலம், 1960 வரை நீடித்தது. தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்டன, சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். இந்தப் பின்விளைவைச் சொல்லாத காட்டேரி நாவல் 1948ஐ வெறும் திரைச்சீலையாகத்தான் பயன்படுத்தும்.

பேயை வைத்துத் தோட்ட வரலாற்றைச் சொல்லவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ம. நவீனின் 'பேய்ச்சி' (2019) சொல்லிக் காட்டியது. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது. அது காதல் நாவல் இல்லைதான். ஆனாலும் யார் கண் வழியாகத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பதில் அதற்குத் தடுமாற்றம் கிடையாது.

இந்த ஊரை எழுத நினைக்கும் இளைஞர்களே, பேயை எழுதுங்கள், காதலையும் தாராளமாக எழுதுங்கள். பங்களாவிலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். அகப்பட்ட வேகத்தில் செத்துப்போகும் அந்தப் பால்வெட்டுக்காரியைக் கடைசிவரை பேச விடுங்கள்.