சுவரும் சித்திரமும்

சுவரை வைத்துக்கொண்டுதான் சித்திரம் எழுத வேண்டும் என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. உடம்பைப் பேணிக்கொள்ளச் சொல்லுவதற்காகப் பெரியவர்கள் அதைச் சொல்லுவார்கள். சித்திரக்காரர்களைப் பற்றி யோசிக்கிறபோது அதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. சுவர் ஒன்று கிடைத்துவிட்டால் போதும், கலைஞன் பிழைத்துக்கொள்வான் என்று வெகுகாலமாக நாம் நம்பி வந்திருக்கிறோம்.

இன்று சுவர் கிடைத்துவிட்டது. சென்னையில் லலித் கலா அகாதெமியின் கூடம் இருக்கிறது. தனியார் கூடங்கள் பல இருக்கின்றன. கொச்சியில் 2012ஆம் ஆண்டு தொடங்கிய பியனாலே, 2014இலிருந்து கலைக் கல்லூரி மாணவர்களுக்கென்றே தனியாக ஒரு பகுதி வைத்திருக்கிறது. சென்னையிலே 2016 முதல் புகைப்படத்துக்கென்று ஒரு பியனாலே நடக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தரம் என்பது பெயர். 2016, 2019, 2021, 2024 என்று வருஷங்கள் கொஞ்சம் முன்பின்னாக அமைந்திருக்கின்றன. அதனால் குறையொன்றுமில்லை. நடக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டும்.

ஆனால் கண்காட்சி என்ற சொல்லில் முதலில் நிற்பது கண், பிறகுதான் காட்சி. காட்சிக்கு வேண்டியதையெல்லாம் நாம் ஏற்பாடு செய்கிறோம். கண்ணைப் பற்றி யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

சித்திரக் கண்காட்சிகளுக்குத் திறப்பு விழா அன்று ஒரு முறையும், மூன்றாம் நாள் ஒரு முறையும் போவது என் வழக்கம். முதல் நாள் கூட்டம் இருக்கும். விளக்கு ஏற்றுவார்கள், பேசுவார்கள், படம் பிடித்துக்கொள்வார்கள். சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எல்லோரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் நாள் போனால் காவலாளியும் கலைஞனும் இருப்பார்கள். சில இடங்களில் காவலாளி மட்டும் இருப்பார். நாலு நாள் கழித்துப் படங்களைக் காகிதத்தில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிற மாணவனுக்கு, தான் செய்தது நன்றாக இருந்ததா, இல்லையா என்பது கடைசிவரை தெரியாது. யாரோ ஒருவர் 'பிரமாதம்' என்று சொல்லியிருப்பார். அந்த வார்த்தையால் அவனுக்கு ஓர் உபயோகமும் இல்லை.

சங்கீதத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மார்கழி மாதத்தில் சபாக்களின் சிற்றுண்டிச் சாலையில் நின்றால் ரஸிகர்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்பது காதில் விழும். இன்னார் பாடிய தோடியில் நிஷாதம் சரியாக நிற்கவில்லை என்று ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர் காப்பியை ஆறவிட்டு வாதாடுவார். அவர் பாடத் தெரிந்தவர் அல்ல, கேட்கத் தெரிந்தவர். இது தானாக வந்துவிடவில்லை. ஆனந்த விகடனில் கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் எழுதிய காலத்திலிருந்து, கச்சேரியைப் பற்றி நல்லதும் பொல்லாததுமாகத் தமிழில் எழுதி, படித்து, கோபித்துக்கொண்டு ஒரு பழக்கம் வளர்ந்திருக்கிறது. கோடுகளைப் பற்றி அப்படிக் கோபித்துக்கொள்கிற தமிழர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சித்திரக் கலைக்குச் சபாக்களைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம், ரஸிகர்களை உண்டாக்கவில்லை.

சுவரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. அலெக்ஸாண்டர் ஹண்டர் என்கிற ராணுவ வைத்தியர் 1850இல் சென்னையில் ஒரு கலைப் பள்ளியை ஆரம்பித்தார். அதுதான் இன்று எழும்பூரில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. புகைப்படத்தில் அவருக்கிருந்த ஆர்வம் பெரியது. 1856இல் சென்னையில் புகைப்படச் சங்கம் தோன்றியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. அதே ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்கிற படை அதிகாரி சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று அவர் சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் தமிழ்க் கல்வெட்டை 1858இல் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்றைக்கும் ஆச்சரியப்பட வேண்டிய காரியம் அது.

புதிய கவர்னராக 1859இல் வந்த சார்ல்ஸ் டிரெவெலியனுக்கு இது ஆடம்பரச் செலவாகப் பட்டது. வேலை நிறுத்தப்பட்டது. டிரைப் அதற்குப் பிறகு புகைப்படத்தை ஏறக்குறைய விட்டேவிட்டார். 2014இலும் 2015இலும் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களின் பெரிய கலைக்கூடங்களில் அவருடைய படங்கள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. தஞ்சாவூர்க் கல்வெட்டைத் தேம்ஸ் நதிக்கரை ஊரில் பார்த்தார்கள். தஞ்சாவூரில் தினமும் அந்தக் கல்வெட்டின் ஓரமாக நடந்து போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் படத்தைக் கண்டிருப்பார்கள்? ஓர் ஆதரவாளர் கொடுக்கும் வாய்ப்பை அடுத்த ஆதரவாளர் ஒரே கையெழுத்தில் எடுத்துவிடலாம். பார்த்துப் பழகிய கண்கள் ஊரில் நிறைய இருந்தால் அப்படிச் சுலபமாக எடுத்துவிட முடியாது.

இதை உணர்ந்து வேறு வழி தேடியவர்களும் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். எழும்பூர்ப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929 முதல் 1957 வரை அங்கே இருந்தார். லலித் கலா அகாதெமியின் முதல் தலைவரும் அவர்தான். அவர் செய்த உழைப்பாளர் சிலை 1959இல் மெரினாவில் வைக்கப்பட்டது. கலைக்கூடத்தின் வாசற்படியை மிதித்தே அறியாத லட்சக்கணக்கானவர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். பாறையை நெம்புகிற நான்கு உடம்புகளின் இறுக்கம் அவர்களுக்குப் புரியாமல் போகவில்லை. அவர்களில் பலர் அதே வேலையைச் செய்கிறவர்கள். புரியாது என்று ஜனங்கள் மேல் பழி போடுகிறவர்கள் ஒரு மாலை அங்கே போய்க் கொஞ்ச நேரம் நிற்கலாம்.

அவருக்குப் பின் தலைமை ஏற்ற கே. சி. எஸ். பணிக்கர் இன்னொரு வழியைக் கண்டார். படம் விற்றுச் சாப்பிட முடியாது என்பது அவருக்கும் அவருடைய மாணவர்களுக்கும் தெரிந்திருந்தது. பாட்டிக் துணிகள் முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கிச் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். காலையில் வயிற்றுக்கு, மாலையில் மனசுக்கு என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள் என்று சொல்லலாம். யாரிடமும் கை நீட்டாமல் கலைஞர்கள் தங்களுக்கென்று நிலம் தேடிக்கொண்டார்கள் என்பதைத்தான் அந்தக் கிராமத்தில் பெரிய விஷயமாக நான் நினைக்கிறேன். அங்கே உண்டான படங்களில் நல்லதும் உண்டு, சுமாரானதும் உண்டு. அது எங்கும் உள்ளதுதான்.

மூன்றாவது வழி எங்களைப் போன்ற எழுத்துக்காரர்களுக்கு நெருக்கமானது. கே. எம். ஆதிமூலம் (1938–2008) கூடங்களில் படம் வைத்தார். அதோடு சிறு பத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் வரைந்தார், எழுத்துருக்களை அமைத்தார். ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' வந்தபோது அவருடைய கோடுகளும் கூடவே வந்தன. அந்தக் கரிசல்காட்டு மனிதர்களைப் பார்த்த வாசகன், தான் நவீன ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதை அறியாமலே பார்த்துப் பழகினான். டீக்கடை பெஞ்சில் மடித்துப் போட்டிருந்த அந்தப் பத்திரிகையும் ஒரு கண்காட்சிக் கூடம்தான்.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு இன்றைய ஏற்பாடுகளைப் பார்க்கலாம். புகைப்பட பியனாலே 2016இல் பறக்கும் ரயில் நிலையத்தில் படங்களை வைத்தது என் மனசுக்குப் பிடித்த காரியம். ரயிலுக்கு ஓடுகிறவன் ஒரு நிமிஷம் நிற்கிறானா என்பது படத்துக்கு நல்ல பரீட்சை. புஷ்பமாலா பொறுப்பேற்று நடத்திய 2019ஆம் வருஷத்துக் கண்காட்சி, பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தைப் படங்களுக்காகத் திறந்துவிட்டது. இதெல்லாம் நல்ல திசையில் வைத்த அடிகள்.

நல்ல திசையில் இல்லாதவையும் உண்டு. ஒன்று, படத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் காகிதம். அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பிறகு தமிழாக்கப்படுகிறது. தமிழை வாசித்துவிட்டு அர்த்தம் தெரிந்துகொள்ள ஆங்கிலத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தை வாசித்துவிட்டு ஆறுதலுக்குப் படத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. தெருவிலிருந்து தயங்கித் தயங்கி உள்ளே வந்த மனிதனை அந்தக் காகிதம் வாசலிலேயே வழியனுப்பிவிடுகிறது. தான் எதை, ஏன் எடுத்தோம் என்பதைத் தன் தாய்க்குச் சொல்லுகிற தமிழில் ஐந்து வரி எழுதும்படி மாணவனிடம் கேட்டாலே போதும். எழுத முடியவில்லை என்றால், படத்தில் ஏதோ குறை இருக்கிறது என்று அவனே தெரிந்துகொள்வான்.

இரண்டாவது, வாய்ப்பு என்ற பெயரில் நடக்கும் வியாபாரம். போட்டிக்குப் படம் அனுப்பவே கட்டணம். தேர்வானால் அச்சுக்கும் சட்டத்துக்கும் தன் பணம். சான்றிதழுக்கும் தனியாகப் பணம். பேர் வெளியே தெரியும் என்பதுதான் சம்பளம். தச்சனைக் கூப்பிட்டு, 'நாற்காலி செய்து கொடு, உன் பேர் தெரியும்' என்று சொல்லுகிற தைரியம் நமக்கு உண்டா? காமெராவையே கடன் வாங்கி வாங்கியிருக்கிற மாணவனிடம் இதை வெட்கமில்லாமல் சொல்லுகிறோம். பணம் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளின் படங்களைத்தான் இந்தச் சுவர்கள் நாளடைவில் காட்டிக்கொண்டிருக்கும். கலைக்கு வேறு எந்தக் கெடுதலும் தேவையில்லை.

கட்டணம் கேட்காமல் கொடுக்கிற இடங்களும் இருக்கின்றன. 18 முதல் 25 வயது வரை உள்ள இளம் கலைஞர்களுக்கு மத்தியக் கலாசார அமைச்சகம் இரண்டு ஆண்டு உதவித்தொகை கொடுக்கும் திட்டத்தில் ஓவியம், சிற்பத்தோடு புகைப்படமும் சேர்ந்திருக்கிறது. மாணவர்கள் முதலில் தேட வேண்டியது இப்படிப்பட்டவற்றை.

மதுரைக்காரரான பழனிக்குமாரின் வழியையும் அவர்கள் கவனிக்க வேண்டும். மலம் அள்ளும் தொழிலைப் பற்றி 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் அவர். துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வையும் சாவையும் வருஷக்கணக்காகப் படம் எடுத்தார். மீன் விற்கும் தம் தாயையும் எடுத்தார். தயாநிதா சிங்கும் பாரி இணைய இதழும் சேர்ந்து ஏற்படுத்திய ஆவணப் புகைப்பட விருது, முதல் முறையாக 2022இல் அவருக்குத்தான் கொடுக்கப்பட்டது. சுவருக்காகக் காத்திருந்து அவர் படம் எடுக்கவில்லை. சொல்ல வேண்டியது இருந்தது. சுவர் பின்னால் வந்தது. அந்தப் படங்களில் இருக்கிற முகங்கள் நம்மைத் திருப்பிப் பார்க்கின்றன. பார்த்தவன் அபிப்பிராயம் சொல்லாமல் நழுவிவிட முடியாது.

நான் வேண்டுவது பெரிதல்ல. கண்காட்சி நடத்துகிறவர்கள் திறப்பு விழாச் செலவில் பாதியை நிறுத்தி, மூன்றாம் நாள் மாலை ஒன்றை ஒதுக்கட்டும். விஷயம் தெரிந்த ஒருவரும் தெரியாத நாலு பேரும் மாணவனை எதிரே வைத்துக்கொண்டு படம் படமாகப் பேசட்டும். இது நன்றாக இல்லை, ஏன் என்றால் இதனால் என்று சொல்லட்டும். பத்திரிகைகள், விளக்கேற்றிய பிரமுகரின் பெயரைப் போடுகிற இடத்தில் ஒரு படத்தைப் பற்றிப் பத்து வரி எழுதட்டும். பள்ளிக்கூடங்கள் வருஷத்துக்கு ஒரு நாள் பிள்ளைகளை எழும்பூருக்கும் ஈஞ்சம்பாக்கத்துக்கும் அழைத்துப் போகட்டும். அங்கே வரிசையில் நிற்க வைக்காமல் அவர்கள் இஷ்டத்துக்குத் திரிய விடட்டும்.

இருபது வயதில் ஒரு பையனோ பெண்ணோ, வீட்டாரின் வார்த்தையை மீறி இந்தத் தொழிலுக்கு வருகிறபோது, நாம் கொடுக்கக்கூடிய மரியாதை ஒன்றுதான்: செய்ததை உட்கார்ந்து, கவனித்துப் பார்ப்பது. பார்த்த பிறகு வேண்டாம் என்று சொன்னாலும் அதை அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். பார்க்காமலே கை தட்டுவதைத்தான் தாங்கிக்கொள்ள முடியாது.