மறைந்தவனை விடாத ரேடார்

சுட்டு வீழ்த்துவதில் என்ன பெரிய சுகம்? எஃப்-14 டாம்கெட்டின் பின்னிருக்கையில் இருக்கும்போது, திரையில் தெரிந்த எதிரி பொசுக்கென்று காணாமல் போவானே, அந்தக் கணத்துக்குத்தான் நான் அடிமை!

டிசிஎஸ் வேர்ல்ட் சிமியுலேட்டருக்காக ஹீட்பிளர் நிறுவனம் 2019இல் வெளியிட்ட விமானம் இது. இஷா தொழுகை முடிந்ததும் சாய்ந்தமருதிலிருந்து கூட்டாளி முன்னிருக்கைக்கு வந்துவிடுவான். கல்முனையில் என் அறையிலிருந்து ரேடாரை நான் பார்ப்பேன். கிழக்கிலங்கையில் போர்க்காலத்தில் வளர்ந்தவர்களுக்கு ஜெட் சத்தம் வேறு நினைவுகளைக் கிளப்பும். திரைக்குள் மட்டும்தான் அது எனக்கு இன்பம்.

டாம்கெட்டில் இருக்கும் ஏடபிள்யூஜி-9 என்பது 1970களின் ரேடார். ஒருவனையே வெறித்துப் பார்க்கும் முறையும் அதில் உண்டு. அவன் நழுவினால் சற்றுத் தேடிவிட்டுக் கையை விரித்துவிடும். அது கிடக்கட்டும். தேடிக்கொண்டே பின்தொடரும் டிடபிள்யூஎஸ் முறை இருக்கிறதே, மாஷா அல்லாஹ்! 2 விநாடிக்கு ஒருமுறை வானத்தைத் துழாவி, 24 இலக்குகள் வரை நினைவில் வைத்து, ஒரே நேரத்தில் 6 பேர் மீது ஃபீனிக்ஸ் ஏவுகணைகளை வழிநடத்தும். 1973 நவம்பரில் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் நிஜ டாம்கெட் ஒன்று 38 விநாடிக்குள் ஆறையும் ஏவிக் காட்டியது. நான்கு இலக்கைத் தாக்கின.

எதிரி மறைவது எப்படி? கீழ்நோக்கிப் பார்க்கும்போது தரையும் கடலும் எதிரொலிக்கும். அந்தக் குப்பையைக் கழிக்க, தரையின் வேகத்தோடு ஒத்துவரும் எதிரொலிகளை ரேடார் தள்ளிவிடும். கெட்டிக்கார எதிரி நமக்குக் குறுக்கே 90 பாகை திரும்பினால், நம்மை நோக்கிய அவனது சொந்த வேகம் பூச்சியம்; தரையைப் போலவே தெரிவான். தரையோடு தரையாக அவனும் கழிந்துபோவான்.

இனித்தான் விருந்து. அக்கரைப்பற்று பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்த மோட்டார் சைக்கிள் மறுபக்கம் எப்போது எட்டிப்பார்க்கும் என்று கண் கணக்குப் போடுமே, அதே வேலையை அந்தப் பழைய கணினி செய்யும். கடைசியாகத் தெரிந்த வேகத்தையும் திசையையும் வைத்துக் குறியை நகர்த்திக்கொண்டே போகும். அதன்மேல் ஒரு பெருக்கல் அடையாளம் விழும். ஏவுகணையும் அந்த ஊக எதிரியை நம்பித்தான் பறக்கிறது!

“மச்சான், எங்கடா போனான்?”

“பொறு, வருவான்.”

கணித்த இடத்துக்குப் பக்கத்தில் தலைகாட்டினால் பழைய குறியோடு ஒட்டிக்கொள்வான். வேறெங்காவது முளைத்தால் ரேடாருக்கு அவன் புது ஆள். ஃபீனிக்ஸ் பாவம், ஆளில்லாத ஆகாயத்தைத் தேடிப் போகும். ஆனாலும் கடைசி விநாடிகளில் அது தன் சொந்த ரேடாரைத் திறக்கும். அருகில் அவன் இருந்துவிட்டால் தானே பிடித்துக்கொள்ளும். அப்போது நான் போடும் சத்தத்தில் வீடே எழும்பிவிடும்.

அதே சிமியுலேட்டரின் ஹார்னட் விமானத்தில் மறைந்த குறியைத் திரையில் எத்தனை விநாடி வைத்திருப்பது என்று 2 முதல் 32 வரை நாமே தெரிவு செய்யலாம். வசதிதான், ஆனால் நெஞ்சு படபடக்காது. டாம்கெட்டில் வித்தை பழக வேண்டும். எதிரிக்குக் கீழே விமானத்தை இறக்கினால் அவனுக்குப் பின்னால் வெறும் வானம்; வடிகட்டியை நிறுத்திவிட்டு, குறுக்கே திரும்புபவனையும் விடாமல் பார்க்கலாம். அதற்கு “இறங்கு, இறங்கு” என்றதும் மறுகேள்வி கேட்காத விமானி வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள், என் கூட்டாளிக்கு அடுத்த மாதம் கல்யாணம்.