நிறம் பூசாத பாறை

குளிர்நாடுகளில் பாறையேறும் பெண்களுக்குப் பனிக்காலம் முழுக்க உள்ளரங்கச் சுவர்தான். பிடிகள் எல்லாம் திருகி மாட்டிய பிளாஸ்டிக். ஒரே நிறத்தைத் தொடர்ந்தால் உச்சி. பாதை அமைத்தவரின் கையெட்டே பல நேரம் அதில் அளவாகிவிடுகிறது. வசந்தத்தில் வெளிப்பாறைக்குத் திரும்பினால் நிறம் இல்லை. தன் உடம்பைக் கொண்டே வழியை வாசிக்க வேண்டும். 1993இல் லின் ஹில், எல் காப்பிட்டனின் 'நோஸ்' பாதையில் கயிற்றைக் காப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு ஏறி முடித்தார். அதுவரை எந்த ஆணும் செய்யாதது. குள்ளமானவர், மெல்லிய வெடிப்புகளில் அவர் விரல்கள் நுழைந்தன.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் ஆண்டாளை வாசிப்பதும் உள்ளரங்கத்தில்தான். மார்கழிக்குத் திருப்பாவை முப்பது, கல்யாணத்துக்கு 'வாரணமாயிரம்'. நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் மீதிக்கு யாரும் நிறம் பூசவில்லை. அந்த நூல் தொடங்குவதே தை மாதத்தில்! பதின்மூன்றாம் திருமொழியில் தன் முலையையே பறித்து அவன் மார்பில் எறிவேன் என்கிறாள். அந்த இடம் வந்ததும் மாணவிகள் 'ஜீவாத்மா' என்று ஓரத்தில் எழுதிக்கொண்டு பக்கத்தைப் புரட்டுகிறார்கள். உரை மேல் எனக்குப் பகை இல்லை. சுவர்ப் பயிற்சி விரலுக்கு வலு தரும். பெரியவாச்சான் பிள்ளை ஒரு பாட்டையும் தாண்டிப் போகவில்லை. தாண்டியது நாம்.

ராஜபாளையம் சஞ்சீவி மலையில் ஒரு பெண் பிள்ளை ஏறினால் 'அங்கே கால் வை' என்று கீழிருந்து கூவ எப்போதும் ஓர் ஆள் உண்டு. இந்தத் தையில் பதின்மூன்றாம் திருமொழியை முதலில் உரையில்லாமல் வாய்விட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். உரை மறுநாள்.