பருந்தின் காலில் ஒரு நூல்

பறக்கும் பறவையைப் படமெடுப்பவர்கள் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. ஒரு நொடியை இரண்டாயிரம் பங்காக்கி, அதில் ஒரு பங்குக்குள் சிறகையும் கண்ணையும் தெளிவாகப் பிடிப்பதென்றால் சும்மாவா? ஆனால் பிடித்ததைக் கணினியில் ஏற்றி ‘அழகு’படுத்தும் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே பேச வேண்டியிருக்கிறது.

படத்தைத் தொடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளையில்தான் நமக்குக் காட்டைக் காட்டினார். நிறமில்லாத படம் பொய் என்று யாரும் சொல்லவில்லையே! ஒரு மூலையைச் சற்று வெளுப்பாக்குவது, இன்னொன்றைக் கருப்பாக்குவது எல்லாம் இருட்டறைக் காலத்திலிருந்தே நடப்பதுதான். கேமராவுக்குள் தூசி படிந்து வானத்தில் புள்ளி விழுந்தால் தாராளமாகத் துடைக்கலாம். அது கருவியின் குறை. பறவையின் குறை அல்ல.

தில்லியில் தமிழர் அமைப்பொன்றின் படக் கண்காட்சிக்கு நானும் ஒரு தேர்வாளனாக இருந்தேன். வந்தவற்றில் ஒரு கரும்பருந்து. இந்த ஊரார் ‘சீல்’ என்று சொல்வார்களே, அதுதான். பளிச்சென்ற நீலவானம், விரிந்த இறக்கை, கண்ணில் ஒரு வெள்ளை மினுக்கு. ஆகஸ்டு மாதம் எடுத்தது என்று பின்னால் எழுதியிருந்தது. தலைக்கு மேலே பறக்கும் பருந்தின் கண் நிழலில் அல்லவா இருக்கும்? சந்தேகப்பட்டு மூலப் படத்தைக் கேட்டு வாங்கினோம்.

மூலத்தில் வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. வலது இறக்கை நுனியில் மூன்று இறகுகளைக் காணோம். காலில் ஒரு நூல் தொங்கியது. அன்பரைக் கேட்டால், “அது படத்தைக் கெடுக்குது சார், அதான் எடுத்துட்டேன்” என்றார். பக்கத்து இறகையே நகலெடுத்து இடைவெளியை அடைத்திருக்கிறார். வேலை சுத்தம், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அந்த இடைவெளி ஒரு தகவல். பருந்துகள் பழைய இறகுகளைச் சிறிது சிறிதாக உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்ளும். அப்போது பெரும்பாலும் இரண்டு இறக்கைகளிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இடைவெளி தெரியும். ஒரு பக்கம் மட்டும் இறகு போயிருந்தால் அடிபட்டதோ என்று சந்தேகிக்க வேண்டும். நூலும் கூடவே இருந்தால் கேட்கவே வேண்டாம்! சுதந்திர தினத்தை ஒட்டித் தில்லி மொட்டைமாடிகளில் பறக்கும் பட்டங்களின் மாஞ்சா, தடை வந்தது 2017-இல் என்றாலும், ஆண்டுதோறும் பறவைகளை அறுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அடிபட்ட பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கும் தில்லிச் சகோதரர்களைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த ‘ஆல் தட் ப்ரீத்ஸ்’ (2022) படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் அன்பர் துடைத்தெறிந்தது இந்த ஊர் அந்தப் பறவைக்குச் செய்த காரியத்தை. வானத்தை நீலமாக்கியது இந்த ஊருக்கே செய்த சலுகை!

அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஃபியாப் போன்ற உலக அமைப்புகள் வைத்திருக்கும் இயற்கைப் பட வரையறை, எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது, ஓரம் வெட்டலாம் என்கிறது. மனிதன் செய்த பொருள் தெரியக் கூடாது என்றும் சொல்கிறது, சில விலக்குகளோடு. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். நூலோடு அனுப்பினால் தள்ளுபடி ஆகலாம், நூலை அழித்தால் மோசடி. போட்டிக்கு ஆசைப்படுகிறவர் எந்தப் பக்கம் சாய்வார்? அழித்தது வெளியே தெரியாது என்ற துணிச்சல் வேறு. 2023-க்குப் பிறகு ஃபோட்டோஷாப்பில் ஒரு வரி தட்டச்சு செய்தாலே போதும், இல்லாத இறகும் முளைத்துவிடுகிறது.

நாங்கள் மூலப் படத்தைத்தான் மாட்டினோம். அன்பருக்கு முகம் வாடிவிட்டது, என்ன செய்ய? நம் சங்கங்கள் இனிப் போட்டி வைத்தால் மூலக் கோப்பையும் சேர்த்தே கேட்கட்டும். நூலும் வலையும் பிளாஸ்டிக் பையும் தெரிகிற பறவைப் படங்களுக்கென்று தனிப் பிரிவு ஒன்று வைத்தாலும் குடி முழுகிப் போய்விடாது.